அம்மாவுக்கு ஒரு சிவப்புப் பட்டை

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். எடுத்துவிடுவது சின்ன வேலை என்றார்கள். அம்மாவுக்கு மயஸ்தீனியா இருப்பதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தசைகள் சட்டென்று களைத்துப்போகும் நோய் அது. காலையில் தலை வாரிய கை சாயங்காலம் டம்ளரைத் தூக்காது. சேராத மருந்து உள்ளே போனால் மூச்சுவிடும் தசையும் கைவிட்டுவிடும். எதெல்லாம் சேராது என்று நரம்பு டாக்டர் ஒன்பது பெயர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மகள் லேமினேட் செய்தே கொண்டுவந்திருந்தாள்.

அட்மிஷன் கவுண்டர்காரர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுகர், பிரஷர், ஆஸ்துமா ஏதாச்சும் இருக்கா?"

"மயஸ்தீனியா இருக்கு."

"அது லிஸ்ட்ல இல்லம்மா. வேற நோய் இல்லைன்னு போட்டுடறேன்."

"இருக்குங்கறேன், இல்லைன்னு போடறீங்க?"

"எதையாவது போட்டாத்தாம்மா அடுத்த பக்கம் போகும்."

அடுத்த பக்கம் போயிற்று. கடிதமும் போயிற்று, ஃபைலில் இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில்.

வார்டில் சிஸ்டர் அம்மாவின் மாத்திரைகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வார்டில் எட்டு மணிக்கு மாத்திரை, அப்புறம் இரண்டு மணிக்குத்தான். அம்மாவுக்கோ பத்து மணிக்கு ஒன்று உண்டு. பத்தரைக்கு இமைகள் பாதி இறங்கிவிட்டன, பேச்சு மூக்கால் வந்தது. சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'நோயாளி அமைதியாக இருக்கிறார். நன்கு ஒத்துழைக்கிறார்.'

"அமைதியா இல்ல சிஸ்டர், வாயைத் திறக்க முடியல அவங்களால!"

"படிச்ச பொண்ணு நீங்களே இப்படிக் கத்தலாமா?"

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். படிக்காதவள் கேள்வி கேட்கக் கூடாது, படித்தவள் கத்தக் கூடாது, நல்ல ஏற்பாடுதான். அலமாரியைத் திறக்கும்வரை அவள் கத்தினாள்.

மாத்திரை இறங்கிச் சற்று நேரத்தில் சிஸ்டர் ஆபரேஷனுக்கு முன்பு போடும் ஊசியோடு வந்தார். மகள் மருந்தின் பெயரைப் படித்தாள். கடிதத்தில் மூன்றாவது பெயர்.

"இது அம்மாவுக்குக் கூடாது."

"அலர்ஜியா?"

"அலர்ஜி இல்ல, அவங்க நோய்க்கு..."

"அலர்ஜி இல்லன்னா போடலாம்."

பக்கத்துக் கட்டில்காரம்மாவின் மணிக்கட்டில் 'அலர்ஜி' என்று எழுதிய சிவப்புப் பட்டை. பிளாஸ்திரி ஒட்டினால் அவருக்கு அரிக்குமாம். அந்தப் பட்டையை இரண்டு தடவை படிக்காமல் ஒருவரும் அவரைத் தொடவில்லை. மகள் அதையே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இருக்கு சிஸ்டர். அலர்ஜிதான். எழுதிக்குங்க."

ஒன்பது பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஊசி தட்டுக்குத் திரும்பியது. அம்மாவின் கையில் சிவப்புப் பட்டை ஏறியது. காலையிலிருந்து கண்ணில் படாத மயக்க மருந்து டாக்டர் பத்தே நிமிஷத்தில் ஓடிவந்தார்.

"ஒன்பது மருந்துக்கு அலர்ஜியா? போட்டா என்ன ஆகும், தடிப்பா?"

"மூச்சு நிக்கும்."

அவர் பட்டையைப் படித்தார். அம்மாவை மேலே விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். இமைகள் மெல்லச் சரிந்தன.

"அட, இது மயஸ்தீனியா! எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

மகள் ஃபைலின் அடியிலிருந்து கடிதத்தை உருவி நீட்டினாள். அவர் அதை முழுதும் படித்தார். ஊசியை மாற்றினார், மாத்திரை நேரத்தைத் தன் கையால் எழுதினார், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலுக்குச் சொல்லிவைத்தார்.

மறுநாள் கல் வெளியே வந்தது. அம்மா தானாகவே மூச்சுவிட்டாள்.

பொய்த் தகவல் கொடுத்ததற்காக மகளிடம் இரண்டு பக்கம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். மாத்திரை தாமதமானதற்கு எந்த ஃபாரம் என்று கேட்டாள். அப்படி ஒரு ஃபாரமே இல்லையாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக அச்சாகியிருந்தது: 'வேறு நோய்: இல்லை. அலர்ஜி: மயஸ்தீனியா.'

"திரும்பக் கத்தப் போறியாடி?" என்றாள் அம்மா.

"பின்ன?"

அதற்குள் சிஸ்டர் கத்தரிக்கோலோடு வந்து பட்டையை வெட்டக் கையைக் கேட்டார். அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். இதைத்தானே நீங்கல்லாம் படிக்கறீங்க."