வாசல் தாண்டாத நாகஸ்வரம்

திருவாரூர் மீரா உசேன் ரேடியோ கடையில் செல்லதுரை பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை விட்டு நகர மறுத்தான். இடுப்பு உயரம். முன்பக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்புக் கூம்பு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். கடையில் ஓடிய கச்சேரியில் தவிலின் ஒவ்வொரு அடியும் கையில் வந்து மோதியது.

“இதான் சரி, அம்சம். நம்ம தெருவுல வச்சா பண்ணை வீட்டு மாடி வரைக்கும் கேக்கணும்.”

“அதுக்கு மைக் செட்டு வாடகைக்கு எடுத்துக்கலாமே” என்றாள் அவன் மனைவி அம்சம்.

மீரா உசேன் சிரித்தபடி மேசைமேல் இருந்த சின்ன ஜோடியைக் காட்டினார். “ஒலிப்பதிவு பண்றவங்க இதை வச்சுத்தான் சரி பாப்பாங்க தங்கச்சி. மானிட்டர்னு பேரு. சத்தம் கம்மி. ஆனா உள்ளது உள்ளபடி வரும்.” அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு பெட்டிகளையும் அவள் முகம் பார்க்கத் திருப்பினார். அறைக்கு நடுவில் நாகஸ்வரம் வந்து நின்றது. இடது கைப்பக்கம் தவில். அம்சம் எழுந்திருக்கவே இல்லை.

செல்லதுரை விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். குத்தகை நிலத்துக்காகப் பண்ணையோடு மூன்று வருடமாக வழக்கு. அவன் கணக்கு வேறு.

“பண்ணை ரேடியோவை நாம கேட்டோம்ல? இப்ப அவங்க கேக்கட்டும்.”

“நாம எங்க நின்னு கேட்டோம்?”

அது அவனுக்கும் தெரியும். பண்ணைக் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பின்னால். கல்யாண மேளம் என்றால் பந்தல் தட்டிக்கு வெளியே.

“சத்தத்தைத் தெருவுல விட்டா தெருவுல நின்னுதான் கேப்பாங்க. என் வீட்ல யாரும் நின்னு கேக்கக் கூடாது. உள்ள வந்து உக்காந்து கேக்கணும்.”

“ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். நர்சு வேலை பாத்து வாங்குறது நான். காதும் என்னுது.”

ஊர் சிரிக்கத்தான் செய்தது. அந்தத் தெருவில் யார் ரேடியோ வாங்கினாலும் ஜன்னலில் தெருவைப் பார்த்து வைப்பதுதான் வழக்கம். சின்ன ஜோடி வந்த அன்று மாலையும் கூட்டம் வெளியே காத்து நின்றது. ஒன்றும் கேட்கவில்லை.

“என்னடி அம்சம், பெட்டிக்கு வயித்து வலியா? நர்சு வீட்லயே மருந்து இல்லையா?” என்று கூட்டத்திலிருந்து எல்லையம்மாள் கத்தினாள்.

“உள்ள வாங்க அத்தை.”

காலனி வீட்டின் ஒற்றை அறையில் பதினோரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எல்லையம்மாள் இடது பக்கம் கையை நீட்டி வெறும் காற்றைத் தடவிப் பார்த்தாள். “தவில்காரன் இங்கல்ல உக்காந்துருக்கான்!” என்றாள். அதன்பிறகு அவள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. செல்லதுரை மட்டும் நிலைப்படியில் தலைகுனிந்து நின்றான்.

நான்காம் நாள் பண்ணையின் காரியஸ்தர் உலகநாதன் சைக்கிளில் வந்தார். வழக்கு நிலத்தில் குறுவை முற்றி நின்றது. அறுப்புக்கு முன்னால் சமரசம் பேச வேண்டும். எப்போதும் தெருமுனையில் நின்று ஆள் விட்டுக் கூப்பிடுகிறவர். சங்கத்துக்காரர்கள் போய் அவர் முன் நின்றபடியே பேசுவார்கள். இன்று கூப்பிட்டு யாரும் வராததால், வாசல்வரை வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

“செல்லதுரை, வெளிய வா.”

சொன்னவரின் தலை, உள்ளே மெல்ல ஒலித்த நாகஸ்வரத்தின் பக்கம் சாய்ந்தது. மேளக் கச்சேரி என்றால் பத்து மைல் சைக்கிள் மிதிக்கிறவர் அவர்.

“வாசிப்பு யாருது? சரியா காதுல விழலையே. கொஞ்சம் சத்தமா வைப்பா.”

செல்லதுரையின் கை ஆம்ப்ளிஃபையரின் திருகுக்குப் போனது. அம்சம் அவனையே பார்த்தாள். நான்கு நாள் கேலி அந்த விரல்களில் இருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் தெரு முழுக்கக் கேட்கும்.

அவன் இடப்பக்கம் திருப்பினான். நாகஸ்வரம் இன்னும் தணிந்தது.

“உள்ள வாங்க. உக்காந்து கேட்டுட்டே பேசுவோம்.”

எல்லையம்மாள் நகர்ந்து பாயில் ஓர் ஆள் இடம் விட்டாள். உலகநாதன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். இந்தத் தெருவில் அவர் ஒரு நாளும் சைக்கிளை விட்டு இறங்கியதில்லை. முன்சக்கரம் வந்த வழியைப் பார்த்தே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல, வீட்டோரத்து முருங்கை மரத்துப் பக்கம் திரும்பியது.