கப்டன் துஷாந்தி

என் பெயர் முனீப். மூதூரில் வாப்பாவின் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். கடை பூட்டினால் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவோம். நான், என் கூட்டாளி நௌபர், இன்னும் இரண்டு பேர். நாலு பேருக்கு நாலு பேர் மோதுகிற விளையாட்டு. சென்ற வருடம் மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டோம். அதை அவரவர் வீட்டிலிருந்தே ஒன்லைனில் ஆடவேண்டும். எதிரணி சல்லி என்ற ஊரைச் சேர்ந்தது. கப்டன் துஷாந்தி என்றொரு பெண். அவளுடைய அண்ணன் லதீசனும் அந்த அணியில்தான் இருந்தான்.

கடைசிச் சுற்றில் எங்கள் பக்கம் நான் மட்டும் மிச்சம், அவர்கள் பக்கம் இரண்டு பேர். ஒரு கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அதுவரை ஒரு வெடிகூட வைக்கவில்லை. சத்தமில்லாமல் சுவரோரம் ஊர்ந்துபோய், எதிரே இருந்த பாலத்தைப் பார்க்கத் தலையை நீட்டினேன். அந்தக் கணமே விழுந்தேன். சுட்டவன் லதீசன். ஆட்டம் முடிந்ததும் அவன் பக்கத்திலிருந்து பதிவான காட்சியைப் போட்டுப் பார்த்தோம். நான் சுவருக்குப் பின்னால் ஊர ஊர, அவனுடைய துப்பாக்கிக் குறியும் சுவரின்மேல் என்னோடு சேர்ந்து ஊர்ந்தது.

“ஹேக் போட்டிரிக்கான்டா,” என்றான் நௌபர். “சுவருக்கு அங்கால நிக்கிற ஆளைக் காட்டுற சாமான்.”

போட்டியை நடத்திய சஜீத்திடம் முறையிட்டேன். ஒரு காட்சியை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது என்றார். ஆத்திரத்தில் போட்டியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘கள்ள விளையாட்டு’ என்று எழுதிவிட்டேன். உடனே துஷாந்தியின் குரல்பதிவு வந்தது: “என்ர அண்ணா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. தோத்தா தோத்ததெண்டு ஒத்துக்கொள்ளப் பழகுங்கோ.” அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

அந்தக் காட்சியை அவளுக்குத் தனியாக அனுப்பி, ‘ஒருக்காப் பாருங்க’ என்று மட்டும் போட்டேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மண்டபம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு எங்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். அதை வென்றுவிட்டு, பிறகென்ன, பார்த்துவிட்டுப் போவோம் என்று பின் வரிசையில் இருந்தோம். முன்னால் சல்லி அணியும் வெருகல் அணியும் மேடையேறின. பெரிய திரை, ஒலிபெருக்கி, விசில் சத்தம்.

துஷாந்தி கதிரையில் இருக்கவில்லை. நேரே சஜீத்திடம் போய் மைக்கைக் கேட்டாள். கப்டன் ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டார்.

“அரையிறுதியில நாங்கள் வெண்டது நேர்மையா இல்லை,” என்றாள். “எங்கட டீமில ஹேக் பாவிச்சிருக்கு. மூதூர் டீம்தான் இண்டைக்கு இந்தக் கதிரையில இருக்கவேணும். குரூப்பில நான் முனீப்பைப் பிழையாக் கதைச்சனான். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பிறகு யாரோ கத்தினார்கள்: “பாவிச்சது ஆர்?”

“கப்டன் நான். நடவடிக்கை எடுக்கிறதெண்டா என்னில இருந்து தொடங்குங்கோ.”

லதீசன் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அவனுடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் உள்ளே கேட்டது.

அவளுடைய அணிக்கு ஆறு மாதத் தடை விதித்தார்கள். எங்களை அங்கேயே மேடைக்கு ஏற்றினார்கள். வெருகல்காரர்களிடம் நன்றாகவே அடி வாங்கினோம். உண்மையைச் சொன்னால், என் கவனம் விளையாட்டில் இல்லை.

வெளியே வந்தபோது துஷாந்தி தனியாக நின்றாள். அண்ணன் விட்டுவிட்டுப் போனதால் பஸ்ஸில்தான் போகவேண்டும். நாங்களும் பஸ் நிலையத்துக்குத்தான் என்று சொல்லி நானும் நௌபரும் கூட நடந்தோம்.

“எப்பிடித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

“நீங்கள் அனுப்பினதைப் பாத்து முதல்ல கோவம்தான் வந்தது. பிறகு மனசு கேக்கேல்லை. பயிற்சி ஆடுவம் எண்டு அண்ணாவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலயா ஒளிச்சுப் பாத்தன். ஒளிச்ச இடமெல்லாம் என்னைச் சுட்டார். போனைத் தாங்கோ எண்டன். ‘எல்லாரும்தான் செய்யினம்’ எண்டார். நீங்களே போய்ச் சொல்லுங்கோ எண்டு நேற்று வரைக்கும் கெஞ்சினன்.”

“வீட்டில?”

“அண்ணா கூட வாறதாலதான் அம்மா என்னை இதுக்கெல்லாம் விடுறவ. இனி என்னவோ தெரியாது.” சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். திடீரென்று திரும்பினாள். “ஒண்டு கேக்கோணும். அந்தச் சுவருக்குப் பின்னால இருந்து நீங்கள் என்ன செய்யப் பாத்தனீங்கள்?”

“உங்கட ஆக்கள் ரெண்டு பேரும் பாலத்துக்கு வரும் மட்டும் இருந்து குண்டெறியலாமெண்டு.”

கண்களைச் சுருக்கி, பாலத்தையும் சுவரையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, “வெண்டிருப்பீங்கள்,” என்றாள். “நல்ல பிளான்.”

அன்றைக்கு எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசைவிட அந்தச் சொல்தான் பெரிதாக இருந்தது. அண்ணனோடு பகை, வீட்டில் என்ன நடக்குமென்று தெரியாத கலக்கம், அதற்குள்ளும் எதிராளியின் ஆட்டத்தை ரசிக்க அவளுக்கு மனம் இருந்தது.

லதீசன் தங்கையோடு பல வாரம் கதைக்கவில்லையாம். பிறகு ஒருநாள் குழுவில் அவனே எழுதினான்: ‘செய்தது நான். துஷாந்திக்குத் தெரியாது.’ அதற்கு ஒருவரும் சிரிக்கும் முகம் போடவில்லை. நௌபர்தான் முதலில், ‘சரி மச்சான், தடை முடிய வாங்க’ என்று பதில் போட்டான்.

தடை முடிந்து அடுத்த போட்டி வந்தது. இம்முறை எல்லா ஆட்டமும் மண்டபத்திலேயே. லதீசன் பெயர் கொடுக்கவில்லை. தங்கையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். துஷாந்தி நிலாவெளிப் பெண்கள் மூவரைச் சேர்த்துப் புதிய அணி அமைத்திருந்தாள். சஜீத் அவளை நடுவராக இருக்கக் கேட்டாராம். “எனக்கு விளையாடத்தான் விருப்பம்,” என்று சொல்லிவிட்டாளாம்.

சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே எங்களோடு. துஷாந்தி விளையாட்டுக்குள் ஒரு கூரைமேல் ஏறி நின்று எங்களை ஒவ்வொருவராகச் சாய்த்தாள். கடைசியாக விழுந்தவன் நௌபர். போனை மேசையில் வைத்துவிட்டு, “என்னடா இது, மூச்சு விடவும் விடுறாளில்ல!” என்று சிரித்தான். நான் எழுந்து கைதட்டினேன். சுவரோரம் நின்ற லதீசன் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.