சிவப்பு உள்ளாடைக்கு நின்ற வண்டு

"சவப்பெட்டியில வேணா போவேன், அந்த வண்டுல மட்டும் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று பொஷேனா குச்செரா சொன்னது மாதா கோயில் கூடத்தில், வாத்து வறுவல் விருந்தின் நடுவில், கடைசி மேசை வரை கேட்கும்படி. அப்படிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம். ஸ்லாவினில் யாரும் எதையும் மறப்பதில்லை.

வண்டு என்றால் நம் கிளைப்பாதையில் ஓடும் ஒற்றைப் பெட்டி ரயில். எஞ்சின் தனி, பெட்டிகள் தனி என்கிற பந்தா அதற்குக் கிடையாது. மூக்குக்குள் பெட்ரோல் எஞ்சின், அதையடுத்து தபால் மூட்டைகள், பிறகு பாலாடை கேன்களும் கோழிக்குஞ்சுப் பெட்டிகளும், வால் பக்கத்தில் மனிதர்கள். வண்டியின் முகத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை. ஊதினால் சளி பிடித்த வாத்து கத்துவது போலிருக்கும். நீராவி ரயிலை நிறுத்திவிட்டுக் கம்பெனி இதை அனுப்பியபோது நெப்ராஸ்காவின் இந்த மூலை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஏறிவிட்டார்கள். ஏறாமல் என்ன செய்வார்கள்? கூப்பிட்ட இடத்தில் நிற்கிறது, நின்ற மாத்திரத்தில் கிளம்புகிறது. நூல்கண்டு மாதிரியைக் கண்டக்டர் டூலியிடம் கொடுத்தால், டெல்மார் கடைத்தெருவில் நிறம் பார்த்து வாங்கி வந்து திரும்பும் வண்டியில் கொடுக்கிறார்.

பொஷேனா மட்டும் அசையவில்லை. தன் வாத்துகளை அது மிரட்டுகிறதாம். நீராவி ரயில் ஓடிய காலத்தில் அவள் வீட்டுப் படுக்கை விரிப்புகள் கரி படிந்து சாம்பல் நிறத்தில் தொங்கும்; வண்டு வந்த பிறகுதான் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. இதை அவள் வாயிலிருந்து வரவழைக்க யாராலும் முடியவில்லை.

அந்த வெள்ளையில்தான் வம்பே பிறந்தது. ஸ்லாவினில் ஸ்டேஷன் இல்லை. ஒரு பலகை மேடை, ஒரு கம்பம். ஏற விரும்புகிறவர்கள் கம்பத்தில் ஆணியில் மாட்டியிருக்கும் வெள்ளைக் கொடியை எடுத்து ஆட்ட வேண்டும். கொடி எப்போதோ காணாமல் போய்விட்டது. (பொஷேனா வீட்டில் தட்டுத் துடைக்கும் துணி ஒன்றில் ஆணி ஓட்டை இருப்பதாகக் கேள்வி. நமக்கெதற்கு?) ஆகவே வெள்ளையாக எது ஆடினாலும் வண்டியோட்டி நைகார்ட் நிறுத்திவிடுவார். மேடையை ஒட்டியே பொஷேனா துணி உலர்த்தும் கயிறு. திங்கட்கிழமை ஊரே துணி துவைக்கும் நாள். காற்றடிக்கும், விரிப்பு ஆடும், வண்டு வந்து நிற்கும். டூலி படியை இறக்கி வைத்து, "வாங்கம்மா" என்பார்.

"என் போர்வை உங்ககிட்ட டிக்கெட் கேட்டுச்சா? போங்கய்யா, வேலையப் பாருங்க!" என்பாள் பொஷேனா.

பல திங்கட்கிழமைகள் இப்படி வசவு வாங்கிய பிறகு நைகார்ட் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னார்: "இனிமே இந்த வீட்டுப் பக்கம் வெள்ளைக் காக்கா பறந்தாலும் நிக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தார்.

அந்த ஏப்ரலில் அடைமழை கொட்டி ஓய்ந்த திங்கட்கிழமை காலை, சுவர்த் தொலைபேசி பொஷேனா வீட்டுக்கான மணியை அடித்தது. ஒரே கம்பியில் ஒன்பது வீடு. மணி யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுப்பார்கள். டெல்மாரிலிருந்து மருமகன். மகள் லுத்மிலாவுக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம்.

"அம்மா வரணும்னு அழுவுறா அத்தே. எங்கம்மாவுக்கும் சொல்லிட்டேன், அவங்க கெளம்பிட்டாங்க."

இதைக் கேட்டதும் கம்பியில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் மூச்சை இழுத்தார்கள். சம்பந்தி ரோசினா! திருமணத்தன்று லுத்மிலாவின் தலை அலங்காரத்தை எல்லோர் முன்னிலையிலும் கலைத்துத் திரும்பப் போட்டுவிட்ட ரோசினா. அவள் முதலில் போய்ச் சேர்ந்தால், பிரசவ அறைக் கதவு பொஷேனாவுக்குத் திறக்காது.

கணவர் மத்தேய் காரைக் கிளப்பினார். வேலிக் கதவைத் தாண்டுவதற்குள் அது அச்சு வரை சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

"இன்னிக்கு ரோட்டுல ஒண்ணும் ஓடாதுடி" என்றார். "ஓடறது ஒண்ணே ஒண்ணுதான்."

"வாய மூடுங்க" என்றாள் பொஷேனா. ஆனால் மேசை விரிப்பை உருவிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

வண்டு வந்தது. வெள்ளை விரிப்பை இரு கைகளாலும் வீசினாள். குதித்தாள். நைகார்ட் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார், வாத்துக் குரலில் ஒருமுறை ஊதினார், போயே போய்விட்டார். ஜன்னல்கள் நகர்ந்தன. மூன்றாவது ஜன்னலில், மடியில் கோழி சூப் பாத்திரத்தோடு ரோசினா. கையை வேறு ஆட்டினாள்.

பொஷேனா வீட்டுப் பக்கம் திரும்பினாள். துணிக் கயிற்றைப் பார்த்தாள். விரிப்புகளுக்கு நடுவே மத்தேயின் குளிர்கால உள்ளாடை, கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, ரத்தச் சிவப்புக் கம்பளி. ரயில்காரனுக்கு வெள்ளை என்றால் 'ஆள் ஏறணும்'. சிவப்பு என்றால் 'ஆபத்து'. அதை எந்தக் கோபத்திலும் மீற முடியாது.

"அடியே, அது என்னோடது!" என்று மத்தேய் கத்துவதற்குள் அவள் தண்டவாளத்தின் நடுவில் நின்று அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

பின் ஜன்னலில் டூலி பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தும் கயிற்றை இழுத்தார். வண்டு கிறீச்சிட்டு நின்றது. பிறகு, எந்த நீராவி ரயிலும் ஸ்லாவினுக்காகச் செய்யாததைச் செய்தது: பின்னால் நகர்ந்து வந்தது. மெதுவாக, பணிவாக, அவள் காலடி வரைக்கும்.

"பாலம் போச்சா? தண்டவாளத்துல வெள்ளமா?" நைகார்ட் முகம் வெளுத்திருந்தது.

"எம் மகளுக்கு வலி வந்துடுச்சு."

நைகார்ட் உள்ளாடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டூலிதான் வாயைத் திறந்தார்.

"ஏறுங்கம்மா. சவப்பெட்டி கைவசம் இல்ல, பரவால்லயா?"

உள்ளே இடமே இல்லை. சேற்றுக்குப் பயந்து ஊரே வண்டுக்குள் இருந்தது. மிச்சமிருந்த ஓர் இருக்கையில் ரோசினா சூப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள். "சூடா இருக்கு சம்பந்தியம்மா, மடியில தாங்கல."

பொஷேனா முன்பக்கம் போய்ப் பாலாடை கேன் மேல் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெட்டிகளில் குஞ்சுகள் கீச்சிட்டன. காலடியில் தரை துடித்தது. திறந்த கதவு வழியே பார்த்தாள்: சாலையில் கார்கள் பாதி புதைந்து கிடந்தன, தாழ்ந்த வயல்கள் ஏரியாகியிருந்தன. அந்தத் தண்ணீரின் மேல் வண்டு, எதையுமே கவனிக்காதது போல், ஒரே சீராக முனகிக்கொண்டு பறந்தது. ஒரு கரித்துகள் கண்ணில் விழவில்லை.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள். சொன்னது கோழிக்குஞ்சுகளிடம்தான். ஆனால் தபால்காரர் காது பக்கத்திலேயே இருந்தது. இல்லாவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

டெல்மாரில் சாமான் கதவுதான் மேடையின் நட்ட நடுவில் திறக்கும். கேன் இறக்க வேண்டுமே. வால் பக்கத்துப் பயணிகள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்க வேண்டும், அதுவும் சூப்போடு. ரோசினாவின் கால் தரையில் படுவதற்குள் பொஷேனா தெருமுனையில் திரும்பிவிட்டாள்.

மகளின் தலைமாட்டில் அவள்தான் உட்கார்ந்தாள். மாலையில் பெண் குழந்தை.

"எப்படிம்மா வந்த, இந்தச் சேத்துல?" என்று கேட்டாள் லுத்மிலா, களைத்த குரலில்.

"நம்ம வண்டுலதான்" என்றாள் பொஷேனா. சிவப்பு உள்ளாடை இன்னும் அவள் கக்கத்தில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை துணிக் கயிறு வீட்டின் மறுபக்கம் போய்விட்டது. மேடைக் கம்பத்தில் ஒரு வெள்ளைக் கொடி தொங்கியது. நன்றாக வெளுத்து, இஸ்திரி போட்டு, ஓரம் அடித்த கொடி. ஆணி அதிலிருந்த பழைய ஓட்டையிலேயே சரியாகப் பொருந்தியிருந்தது.