மஞ்சக்காணிக் கட்டடம்

பஸ் ஸ்டாண்டு ரோட்டுக் கட்டடத்தின் வாடகையில் தில்லைநாயகம் ஆறு வருஷமாக ஒரு ரூபாயைக்கூடத் தொட்டதில்லை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி அது மகள் மாலதியின் கணக்கில்தான் போய் விழுகிறது. அவளும் அதைத் தன் வருமானமாகக் காட்டி வருஷம் தவறாமல் வரி கட்டிவிடுகிறாள். அப்படியிருக்க, அதே வாடகைக்கு வரி கேட்டு வருமான வரித்துறை தில்லைநாயகத்துக்கு ஏன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்? புளியங்குடிப் பள்ளியில் பதினொரு வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாலதிக்கு இது மட்டும் பிடிபடவில்லை.

அண்ணன் ராம்சங்கருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"களவாணி வேல பாத்திருக்கா. வாடகைய அவ தின்னுட்டு வரிய உங்க தலையில கட்டிட்டா," என்றான் அப்பாவிடம்.

"கட்டின ரசீது இருக்கு அண்ணே. பாக்குதியா?"

"உன் ரசீத நீயே வச்சுக்கோ."

தில்லைநாயகம் நோட்டீஸை மேசைமேல் வீசினார். "ஏட்டி, முப்பத்திரெண்டு வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்தேன். ஒரு மெமோ வாங்கினது கிடையாது. உன்னால இந்த வயசுல நோட்டீஸ் வாங்குதேன். அடுத்த மாசத்துல இருந்து வாடகை எனக்கு வரணும். இல்லன்னா நானே பேங்குக்கு எழுதிக் குடுத்துருவேன்."

புளியங்குடியில் அவள் வாங்கிய வீட்டின் கடன் தவணை அந்த வாடகையில்தான் ஓடுகிறது. வாடகை நின்றால் மூன்றாம் மாதம் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான்.

அந்தக் கட்டடம் அவளுடைய மஞ்சக்காணி. மகளைக் கட்டிக்கொடுக்கும்போது அவளுக்கென்று அப்பன் ஒதுக்குகிற சொத்துக்கு அந்த வட்டாரத்தில் அப்படித்தான் பெயர். கல்யாண மண்டபத்தில் சம்பந்தியையும் முந்நூறு பேரையும் சாட்சியாக வைத்துத் தில்லைநாயகம் வாயால் சொன்னார். அதோடு சரி, பத்திரம் எழுதவில்லை. ஊரார் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் புரட்டிப் பிழை கண்டுபிடித்த மனிதர்தான். ஆனால் மண்டபத்தில் சொன்ன வார்த்தைக்குப் பத்திரம் எழுதினால் அந்த வார்த்தைக்கே மரியாதை இல்லை என்று நினைத்துவிட்டார். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு, வாடகையை மகள் கணக்கில் போடும்படி ஒரு கடிதம் கொடுத்ததுதான் அவர் செய்த ஒரே காரியம்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு மாலதி அந்த வங்கிக்குப் போனாள். அங்கே பாதி விடை கிடைத்தது. வாடகை கொடுக்கும்போது வங்கி அதில் பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருகிறது. பிடித்ததை யாருடைய பான் நம்பரில் ஏற்றுவது? வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய நம்பரில். ஒப்பந்தம் தில்லைநாயகம் பெயரில் இருக்கிறது. பணம் மகளுக்குப் போய்க்கொண்டிருக்க, அவர் கட்டடத்துக்கு வாடகை வருகிறது என்ற தகவல் மாதாமாதம் அவர் நம்பரில் ஏறிக்கொண்டிருந்தது. அவரோ பென்ஷனை மட்டும் காட்டி ரிட்டன் போட்டார். இரண்டும் பொருந்தாமல் போகவே நோட்டீஸ் வந்தது.

அப்படியானால் பான் நம்பரை மாற்றினால் தீர்ந்ததே என்று, ரயில்வே ஸ்டேஷன் ரோட்டு மாடியில் வரி ஆலோசனை சொல்லும் நூருல் ஹுதாவிடம் போனாள்.

"தீராது அக்கா," என்றாள் ஹுதா. "கிணறு உங்க வாப்பாவோடது. வாளி மட்டும் உங்க கையில இருக்கு. சட்டம் வாளியப் பாக்காது, கிணறு யாருதுன்னுதான் கேக்கும். சொத்தக் கொடுக்காம வருமானத்த மட்டும் கொடுத்தா, கொடுத்தவருக்குத்தான் வரி."

"அப்ப நான் கட்டுன வரி?"

"கடைசி ரிட்டனத் திருத்த இன்னும் தேதி இருக்கு. அதுக்கு முந்தினது திரும்பி வரும்னு நம்பாதீங்க."

விடை முழுதாகத் தெரிந்ததும் கட்டிய வரி போன கோபத்திலும் மாலதிக்கு ஒரு திருப்தி இருந்தது. தப்புக் கணக்கு எந்த வரியில் தப்பியது என்று கண்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் ராம்சங்கர் சிரித்தான்.

"டீச்சரம்மா பாடம் எடுக்க வந்துட்டா. போர்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"வாங்கிட்டு வா. உனக்கு ஒருதடவ சொன்னா வெளங்காது."

"வாய மூடுட்டி," என்றார் தில்லைநாயகம். "என்ன செய்யணும்? அதச் சொல்லு."

"பத்திரம் எழுதணும். மேஜரான மகனுக்கோ மகளுக்கோ அப்பா சொத்தத் தானமா எழுதுனா, கொடுக்கிறவருக்கும் வரி இல்ல, வாங்குறவங்களுக்கும் வரி இல்ல. அதுக்கப்புறம் வர்ற வாடகைக்கு வாங்குனவங்கதான் வரி கட்டணும். உங்க பக்கம் நோட்டீஸே வராது."

ராம்சங்கர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "அவ்வளவுதான? அப்பா, கோகிலா பேருக்கு எழுதுங்க. எனக்குச் சம்பளம் சாஸ்தி, வரி கூட வரும். என் பெண்டாட்டிக்கு வருமானமே கிடையாது. வரியும் இருக்காது."

"மருமக பேருக்கு எழுதுனா வாடகை மதினிக்குப் போகும். வரி மாமனாருக்கே திரும்பி வரும்," என்றாள் மாலதி. "மகன் மேஜரானா சட்டம் விட்டுரும், மகன் பெண்டாட்டிய விடாது. முத்திரைத் தீர்வையும் பிள்ளைகளுக்குன்னா ஒரு சதவீதம், அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு. மருமகளுக்குன்னா ஏழு. அப்பாவுக்கே தெரியும், கேளு."

தில்லைநாயகம் ஆமென்று தலையை ஆட்டினார். தீர்வைக் கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"அப்ப என் பேருக்கே எழுதுங்க," என்றான் ராம்சங்கர். "ஆம்பளப் பிள்ள நான் இருக்கேன்ல?"

"எழுதலாம். வரிச் சட்டத்துக்கு நீயும் நானும் ஒண்ணுதான்." மாலதி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அதனால சட்டத்தக் கேட்டுப் பிரயோசனம் இல்ல. உங்களத்தான் கேக்கேன். மண்டபத்துல எழுந்து நின்னு என்ன சொன்னீங்க? வாடகையா, கட்டடமா?"

"ஏட்டி, என்னையே விசாரிக்குதியா?"

"ஆமா. முந்நூறு பேரு கேட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. ராம்சங்கர் குறுக்கே பேச வாய் திறந்தான். அவர் "ஏலே, சும்மா கெட," என்று அவனை அடக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கட்டடம்னுதான் சொன்னேன். சொன்னத மாத்த மாட்டேன். எழுதித் தாரேன். பழைய பாக்கி?"

"வங்கி பிடிச்ச வரிய அதுல கழிச்சுக்கிடுவாங்க. மீதிய நான் கட்டுதேன். பத்திரம் பதிவான அன்னைக்கு. அதுக்கு முந்தி ஒரு பைசா தரமாட்டேன்."

"அப்பன நம்பல, என்ன?"

"ஆறு வருஷம் நம்பித்தான் ரெண்டு பேரும் வரி கட்ட நிக்கோம்."

"பதிவு முடிஞ்சதும் இந்த வீட்டுப் படி ஏறாத."

ராம்சங்கர் நோட்டீஸை நான்காகக் கிழித்து அவள் காலடியில் போட்டுவிட்டு வெளியே போனான். அதனால் எதுவும் நின்றுவிடாது. நகல் ஹுதாவிடம் இருந்தது. மாலதி தன் டைரியை எடுத்துச் செய்ய வேண்டியதை எழுதி, அப்பா முன்னால் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய ஆபீஸ் வழக்கப்படி ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டார்.

கட்டடத்தை மகள் மாலதி பெயருக்குத் தான செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்வது. அந்தப் பத்திர நகலைக் கொடுத்து, வங்கியில் வாடகை ஒப்பந்தத்தையும் பான் நம்பரையும் மாலதிக்கு மாற்றுவது. பதிவுத் தேதிக்கு முந்திய வாடகையை அப்பா கணக்கில் காட்டி வரியைத் தீர்ப்பது. பதிவுத் தேதியிலிருந்து வரும் வாடகைக்கு மாலதி மட்டும் வரி கட்டுவது.