நூலைப் பிடிங்க சார்

தனபால் சாரின் நூல் விளையாட்டுக்கு அந்தக் கல்லூரியில் நல்ல பெயர். ஒவ்வோர் ஆண்டும் பி.காம் முதலாண்டுப் பிள்ளைகள் வந்து சேரும் முதல் நாளில், மில்லிலிருந்து வாங்கி வந்த நூல் கோன் ஒன்றைக் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு வகுப்புக்குள் வருவார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார். கோன் யார் கையில் இருக்கிறதோ அவர் எழுந்து தன் பெயர், சொந்த ஊர், அப்பா பெயர், எந்த வீடு என்று சொல்ல வேண்டும். கேட்பவர்களில் யாருக்காவது அந்த ஊரோடோ வீட்டோடோ தொடர்பு இருந்தால், தொடர்பைச் சொல்லி நூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொன்னவர் தன் நுனியை விடக் கூடாது. கோன் இப்படியே கைமாறிப் போய், கடைசியில் வகுப்பு மொத்தமும் ஒரே நூலில் பின்னிக் கிடக்கும். "பாத்தீங்களா கண்ணுகளா, இங்க யாரும் யாருக்கும் வேத்தாள் இல்லீங்க" என்பார் சார். சொல்லும்போது அவருக்குக் கண் கூடக் கலங்கும்.

தனபால் சார் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால், இந்த ஆண்டு வந்து சேர்ந்த லோகப்பிரியாவுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். அவர் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் 'வாங்க, போங்க' போடுகிற மனிதர். அந்த மரியாதையோடே உங்களை உட்கார வைத்து, மூன்று கேள்வியில் நீங்கள் யார், என்ன சாதி, எந்த வகையறா என்று தோண்டி எடுத்துவிடுவார். தோண்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

லோகப்பிரியாவின் அப்பா வேலுமணிக்கு இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாது. ஆனால் கேள்வியைப் பற்றி நன்றாகத் தெரியும். அவர் காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முதல் நாள் காலையில் மகளைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது பாடத்தை மறுபடி ஒப்பிக்க வைத்தார்.

"ஊரு கேட்டா?"

"காந்திபுரம்."

"அதுக்கு மேல கேட்டா?"

"ஆனைமலைப் பக்கம். மாசாணியம்மன் கும்படறவிய."

"அவ்வளவுதான். அந்தக் கோயலுக்கு எல்லா சனமும் போகும். யாரும் நம்மள இன்னாருன்னு புடிக்க முடியாது. மூணு வருசம், கம்முனு படிச்சுபோட்டு வந்துரு கண்ணு."

இந்தப் பாடம் எதற்கு என்றால், வேலுமணி செத்துப்போனவர். பவானிப் பக்கம் ஆலாங்காட்டுப்புதூரில், தோட்டத்துக் காளிச்சாமிக்கு அவர் ஒரே பையன். அதே ஊர்க் காலனியில் இருந்த அன்புக்கரசியைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பினார். சாதி மாறிப் போனவனைத் தலைமுழுகுவது என்று சும்மா வாயால் சொல்வார்கள். காளிச்சாமி சொன்னதைச் செய்து காட்டுகிற ஆள். மொட்டை அடித்துக்கொண்டார், பானை உடைத்தார், பையனுடைய பள்ளிக்கூடப் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒட்டினார். கருமாதிக்கு ஊரையே அழைத்து வடை பாயசத்தோடு இலை போட்டார். பிணமில்லாத சாவுக்கு ஊர் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

வேலுமணி இதை வேடிக்கையாகச் சொல்வார். "நான் செத்தவனாக்கும், என்னைய இனி எவன் என்ன செய்ய முடியும்?" ஆனால் ஈரோட்டு வண்டிக்கு நல்ல சம்பளத்தில் கூப்பிட்டும் போகவில்லை. அந்த வண்டியில் ஊர்க்காரர்கள் ஏறுவார்கள்.

லோகப்பிரியா பள்ளியில் மாசாணியம்மனைச் சொல்லியே காலம் தள்ளினாள். பிளஸ் டூவில் உயிருக்குயிரான தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள், எதையோ புரிந்துகொண்டாள், அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். போனது கூடப் பரவாயில்லை. அவள் பின்னாலேயே ஓடி 'சாரி' சொன்னோமே, அதுதான் லோகப்பிரியாவுக்கு இன்னும் எரிகிறது. எதற்கு சாரி? பிறந்ததற்கா?

வகுப்பில் விளையாட்டு களை கட்டியிருந்தது. பீளமேட்டு சசிதர் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே மூன்று பேர் கை தூக்கினார்கள். ஒருத்தியின் சித்தப்பா தோட்டமும் இன்னொருவன் மாமன் தோட்டமும் ஒரே வாய்க்கால். ஒருவனுக்கு ஒருத்தி முறைப்பெண் என்றே ஆகிப்போய் வகுப்பு கைதட்டியது. சார் பூரித்துப் போனார். கோன் சுற்றிச் சுற்றி, எப்படியோ உஸ்மாவிடம் வந்தது.

"உஸ்மாங்க. ஊரு உக்கடம். அப்பா ரிஃபத்."

யாரும் கை தூக்கவில்லை. சார் சிரித்துக்கொண்டே நிலைமையைச் சமாளித்தார். "உங்க ஊட்டுப் பிரியாணி எல்லாத்துக்கும் சொந்தமுங்க அம்மணி. கோனைக் குடுத்துட்டு உக்காருங்க." எல்லோரும் சிரித்தார்கள். உஸ்மாவும் சிரித்தாள். நூலை விடச் சொல்கிறாரா பிடித்துக்கொள்ளச் சொல்கிறாரா என்று தெரியாமல், சிரித்த முகத்தோடே நின்றாள்.

கடைசி வரை கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றுதான் லோகப்பிரியா சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அது அவளுக்குப் பழக்கமான சிரிப்பு. கை தானாக மேலே போனது.

"எங்கப்பா பஸ் கண்டக்டருங்க சார். உக்கடம் வண்டிதான். உஸ்மா ஊட்டுல எல்லாரும் அவருகிட்ட டிக்கெட் எடுத்திருப்பாங்க."

"அதுவும் தொடர்புதானுங்க" என்றார் சார் கொஞ்சம் தயங்கி. லோகப்பிரியா நூலைப் பிடித்தாள். கோன் இப்போது அவள் கையில். வம்பை விலைகொடுத்து வாங்கியாயிற்று.

"பேரு லோகப்பிரியா. ஊரு காந்திபுரம்."

"காந்திபுரத்துல பஸ்ஸும் லாட்ஜும்தானுங்க கண்ணு இருக்குது" என்றார் சார். வகுப்பு மறுபடி சிரித்தது. "நான் சொந்த ஊரு கேட்டனுங்க."

மாசாணியம்மன் நாக்கு நுனிவரை வந்து நின்றாள். சொன்னால் போதும். சொல்லிவிட்டு மூன்று வருடம் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாமல், அம்மாவைக் கல்லூரி வாசலுக்கு வரவிடாமல், ஒரு நாள் பிடிபட்டு, மறுபடியும் ஒருத்தி பின்னால் 'சாரி, சாரி' என்று ஓடலாம். லோகப்பிரியாவுக்குத் திடீரென்று அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"பவானிப் பக்கமுங்க. ஆலாங்காட்டுப்புதூர்."

தனபால் சார் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்மூரு புள்ளைங்களா நீங்க!" என்று தானே எழுந்து வந்து நூலுக்குக் கை நீட்டினார். "எனக்கும் அதே ஊருதானுங்க. அப்பா பேரு என்னங்க?"

"வேலுமணி."

"எந்த வேலுமணி? யாரு ஊடு?"

"தோட்டத்துக் காளிச்சாமி ஊடுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "அந்த வேலுமணி தவறிட்டானே கண்ணு" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடமாக ஊரில் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "இல்ல, நீங்க வேற ஊடா இருப்பீங்க."

"அதே ஊடுதானுங்க சார். எங்கப்பா உசுரோட இருக்காரு. காலைல அவருதான் என்னைய பஸ் ஏத்தி உட்டாரு. எங்கம்மா காலனி. அவங்களக் கட்டுனதுக்காக, உசுரோட இருக்கற மனுசனுக்குக் கருமாதி பண்ணிப்போட்டாங்க."

சசிதர் தன் நூலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் இங்க எதுக்குங்க கண்ணு" என்றார் சார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "கோனைக் குடுங்க. அடுத்தவிய சொல்லட்டும்."

"இன்னும் யாரும் நூலப் புடிக்கலீங்களே."

"பரவால்லீங்க. உட்டுப்போட்டு உக்காருங்க."

"உடக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். லோகப்பிரியா நூலை விடாமல் நின்றாள். உட்கார்ந்தால்தானே அவமானம்.

"ஒண்ணு கேக்கறனுங்க சார். அந்தக் கருமாதிக்கு நீங்க வந்தீங்களா?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஆனால் கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேனே.

"வந்தனுங்க" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"எலை போட்டாங்க, உக்காந்தேன்" என்றார்.

"அப்ப நமக்குள்ள தொடர்பு இருக்குதுங்க சார். எங்கப்பன் கருமாதிச் சோத்த நீங்க தின்னுருக்கீங்க." லோகப்பிரியா நூலை அவர் பக்கம் நீட்டினாள். "புடிங்க."

உஸ்மா தன் நுனியை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். தனபால் சார் சுற்றிலும் பார்த்தார். பார்த்த கையிலெல்லாம் அவர் கொடுத்த நூல் இருந்தது. கடைசியில் அவரும் பிடித்தார். விளையாட்டு எப்படியோ முடிந்தது. ஆனால் வேத்தாள் இல்லை என்ற அந்த வாக்கியத்தை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது இரண்டு பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போனார்கள். லோகப்பிரியா அவர்கள் பின்னால் போகவில்லை. உஸ்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பா மீசை வெச்சிருப்பாரா? சில்லறை இல்லாட்டி வையவே மாட்டாரே, அவரா?" என்று கேட்டாள். அவர்தான்.

சாயங்காலம் காந்திபுரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறினாள். கூட்டம் பிதுங்கியது. வேலுமணி டிக்கெட் கிழித்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நீங்க உசுரோட இருக்கீங்கன்னு சொன்னேன்."

அவர் கை நின்றுவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளிறிப் போனது. "செத்தவனா இருந்தாத்தான் நமக்கு நிம்மதி அம்மணி. இனி ஊருல தெரிஞ்சிருமே."

"தெரியட்டுங்கப்பா. நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

"எந்தத் தனபாலு? மேக்காலத் தோட்டத்துத் தனபாலா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அவன் என்ற சோட்டாளு. ஒண்ணா ஆத்துல குதிச்சவிய நாங்க. அவனுமா வந்து உக்காந்தான்?"

"வந்தாராம். சாப்பிட்டாராம்."

வேலுமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். இத்தனை வருடம் வேடிக்கையாகச் சொன்ன கதை அன்றுதான் அவருக்கு வலித்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "பாயசம் நல்லா இருந்துச்சாமா?"

லோகப்பிரியா சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

பஸ் அடுத்த ஸ்டாப்பில் நின்று, ஏறுகிறவர்கள் ஏறி, இறங்குகிறவர்கள் இறங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. விசில் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏனுங்க வேலுமணி, இருக்கீங்களா இல்லீங்களா?"

"இருக்கேன்" என்றார் வேலுமணி. அது கூட்டத்தில் அமுங்கிப்போனது. அவர் தலையை நிமிர்த்தி, பஸ் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

"இருக்கேனுங்கோ. போலாம், ரைட்."