தார்ப்பாய்க்குள் இருந்த வண்டி

வேங்கை மோட்டார்ஸின் புது வண்டிக்காக ஜாய்சன் இரண்டு வருடமாகக் காத்திருந்தான். சின்னக் கம்பெனி அது. காட்டாங்குளத்தூரைத் தாண்டி ஒரு ஷெட்டில், மாதத்துக்கு முப்பது நாற்பது பைக் செய்தால் அதிகம். அவர்களுடைய முதல் மாடலைத்தான் ஜாய்சன் ஓட்டினான். கீழ்க்கட்டளையிலிருந்து தாம்பரத்து இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகும்போது ஏதாவது ஒரு சிக்னலில் யாராவது, "இது என்ன வண்டி சார்?" என்று கேட்டுவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

இரட்டை சிலிண்டரில் இரண்டு மாடல் வரப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. தீபாவளிக்கு என்றார்கள், பொங்கலுக்கு என்றார்கள், பிறகு வெறுமனே 'விரைவில்' என்றார்கள். வேங்கை வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பொறுமை தீர்ந்துபோனது. பம்மலிலிருந்து ஆல்வின் என்பவன் தினமும் கிண்டல் செய்வான். "ஜாய்சன் அண்ணே, உங்க கம்பெனிய மூடிட்டாங்களாமே, தெரியாதா?" ஜாய்சன் மட்டும் விடாமல் வாதாடுவான்.

அவன் குடியிருந்த அதே அடுக்ககத்தில், இரண்டாம் மாடியில் இருந்தான் ஷ்யாம்சுந்தர். வேங்கையில் சோதனை ஓட்டுநர். புது வண்டிகளை ரோட்டில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவன் வேலை. எத்தனை துருவினாலும் கம்பெனி விஷயத்தில் வாய் திறக்கமாட்டான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ஷெட்டுக்குத் திரும்பிப் போக முடியாமல் ஷ்யாம் இன்னும் வெளிவராத அந்தப் புது வண்டியைக் கீழே பார்க்கிங்கில் கொண்டுவந்து தார்ப்பாயால் மூடினான். ஜாய்சன் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்கண்ணா, ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க. ஆனா போட்டோ மட்டும் வேணாம். என் வேலையே போயிடும்."

"சேச்சே, என்ன ஷ்யாம், என்னைப் போயி..."

உட்கார்ந்தான். டேங்கைத் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் காலை சர்ச்சுக்குக் கிளம்பி, மனைவி சுஜி வருவதற்காகக் கீழே காத்திருந்தபோது போனைப் பார்த்தான். "வேங்கைக்குக் காரியம் எப்போண்ணே?" என்று ஆல்வின் போட்டிருந்தான். கீழே பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். ஜாய்சன் தார்ப்பாயைத் தூக்கி, ஒரே ஒரு படம் எடுத்து ஆல்வினுக்கு மட்டும் அனுப்பினான். "உனக்கு மட்டும்தான். யாருக்கும் அனுப்பாதே."

பிரசங்கம் முடிந்து வெளியே வருவதற்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. படத்தின் ஓரத்தில், தூணில் எழுதியிருந்த அடுக்ககத்தின் பெயரும் ஷ்யாமின் பார்க்கிங் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. திங்கட்கிழமை ஷ்யாமை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை அடுக்ககத்தின் செயலாளர் யக்ஞநாராயணன், கேட்டைப் பார்த்துக்கொள்ளும் காமுவைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஷ்யாமும் ஜாய்சனும் பக்கத்தில் நின்றார்கள்.

"ஞாயித்துக்கெழம யாரைம்மா உள்ள விட்டே?"

"யாரையும் வுடல சார். சாமி மேல சத்தியம்."

"பின்ன போட்டோ தானா போச்சா? இனிமே உன்னை வச்சுக்க முடியாது. ஒண்ணாந்தேதியோட நின்னுக்கோ."

ஷ்யாம் ஜாய்சன் பக்கம் திரும்பி, "நீங்க காலையில கீழதானேண்ணா இருந்தீங்க? யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்டான். அந்தக் குரலில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை. ஜாய்சனின் தலை, அவனைக் கேட்காமலே, இல்லை என்று ஆடியது.

அதன்பிறகு மூன்று நாள் அவன் லிப்டில் ஏறவில்லை. எதிரே யாராவது வந்துவிடுவார்களோ என்று படியிறங்கினான். குழுவில் ஆல்வின், "நம்ம ஜாய்சன் அண்ணன்தான் கெத்து, முதல் படமே அவர்கிட்டேருந்துதான்" என்று எழுதினான். இருநூறு பேர் கைதட்டினார்கள். ஆபீசில் அதைப் படித்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று மாலையே இரண்டாம் மாடிக்குப் போனான்.

"நான்தான் ஷ்யாம்."

ஷ்யாமுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "இதை மேடம்கிட்ட வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் ரயிலேறி வேங்கை ஷெட்டுக்குப் போனார்கள். முதலாளி கோகிலவாணி முழுவதையும் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்க முதல் மாடலை நம்பி வாங்கினவர் நீங்க. வெளியாள் செஞ்சிருந்தா கேஸ் போட்டிருப்பேன். உங்களை என்ன பண்றது?" என்றவர், ஷ்யாமைப் பார்த்தார். "நீ வேலைக்கு வா. ஆனா வண்டி இனிமே உன் கையில தர முடியாது. ஸ்டோர்ஸ்ல இரு."

ரயிலில் திரும்பும்போது கூடுவாஞ்சேரி தாண்டி ஜாய்சன், "மன்னிச்சுடு ஷ்யாம்" என்றான்.

"வேலை திரும்பக் கெடச்சுதேண்ணா, போதும்." பிறகு, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வரவேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசல் கம்பியருகே போய் நின்றுகொண்டான். பல்லாவரம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கியதும் ஜாய்சன் நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். யக்ஞநாராயணன், "நீங்களா சார்?" என்று கண்ணாடியைக் கழற்றினார். காமு வேலையில் இருக்கலாம் என்றார்.

கீழே காமு தண்ணீர் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"வேல போவலல்ல, வுடு சார்" என்றாள். இரண்டடி போனவள் நின்றாள். "ஆனா ஒண்ணு சார். அன்னிக்கி அவரு என்னைக் கேக்கசொல்ல, நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே?"

"ஆமாம்மா" என்றான் ஜாய்சன். அவள் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று நின்றான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.