மீனுங்க எப்படி இருக்கு?

லூர்துராணிக்கும் அவள் கணவன் கிளமென்ட்டுக்கும் கல்யாணமான புதிது. அவன் கூச்ச சுபாவி. திருச்சி தில்லை நகர் வீட்டின் முன்னறையில் இருந்த மீன் தொட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் வாய் ஓயாது. தொட்டியில் இருந்தவை ஏஞ்சல் மீன்கள், ஒரு ஜோடி. "தீனி கொஞ்சமாப் போடணும். நிறையப் போட்டா தண்ணி கெட்டுடும்" என்பான். ராணி மீனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவாள்.

பேங்க் டிரெயினிங்குக்கு அவன் மெட்ராஸ் புறப்பட்டபோது அவன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். "மீனைப் பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

அந்த வாரமே தொட்டித் தண்ணீரின் மேல் ஆடை படிந்தது. ஆறிய பாலின் மேல் படியுமே, அதைவிட மெல்லிசு. சாய்ந்து பார்த்தால் பளபளவென்று நிறம் காட்டியது. மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு எதிர்வீட்டு நிஜாமுதீன் பாய் வீட்டுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பாயும் அவர் மனைவியும் மாமியார் அற்புதம்மாளும் சுற்றி நிற்க, ராணி ரிசீவரை வாங்கினாள்.

"மீனுங்க எப்படி இருக்கு?"

"தண்ணி மேல ஆடை மாதிரி படியுதுங்க. மீனுங்க மேலேயே வந்து மூச்சுக்குத் தவிக்குது."

"அய்யோ, அது எண்ணெய்ப் பிசுக்கு. காத்தை உள்ள விடாது. நியூஸ் பேப்பரைத் தண்ணி மேல விரிச்சு மெதுவா இழு, ஒட்டிக்கிட்டு வந்துடும். காத்து மோட்டார் டியூபைக் கொஞ்சம் மேலே தூக்கி வை, தண்ணி அசையணும். எண்ணெய்க் கையை விடாதே." கொஞ்சம் தயங்கினான். "வேற..."

மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"வேற ஒண்ணுமில்லீங்க."

பேப்பரை விரித்து இழுத்தாள். படலம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் கண்ணாடியாயிற்று. மறுநாள் காலை பார்த்தால் மறுபடியும் ஆடை. கதவைச் சாத்திக்கொண்டு தாளித்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டாள். அப்படியும் படிந்தது. தினம் பேப்பர் போட்டும் மீன்கள் சோர்ந்துகொண்டே வந்தன. அவை செத்துப்போனால் அடுத்த போனில் அவன் எதைக் கேட்பான்? கேட்க ஒன்றுமில்லை என்று போனே செய்யாமல் இருந்துவிட்டால்?

"ஏம்மா, தலை ஏன் இப்படித் தேங்கா நாராட்டம் நிக்குது?" என்றாள் அற்புதம்மாள், அடுப்படியில் வைத்து. "பாக்குறவங்க மாமியார்க்காரி எண்ணெய்கூட வாங்கித் தரலைன்னு சொல்லுவாங்க."

ராணிக்கு அழுகை வந்துவிட்டது. "என் தலையில இருக்கிற எண்ணெய்தான் எப்படியோ தொட்டிக்குப் போகுது, அத்தை. மீன் செத்துட்டா அவங்க என்ன சொல்வாங்க?"

அற்புதம்மாளின் முகம் மாறியது. பூசை மாடத்துக்குப் போய் மாதா படம் ஒட்டிய சின்ன பாட்டிலை எடுத்து வந்தாள். பாதி காலியாக இருந்தது.

"எண்ணெய்னா... இதுவுமா?"

"இதையா விட்டீங்க அத்தை?"

"விடிகாலை ஜெபம் முடிச்சு ரெண்டு சொட்டு விடுவேன். ஏஞ்சல்னா சம்மனசுதானே? சம்மனசுக்கு மந்திரிச்ச எண்ணெய் ஆகாமப் போகுமான்னு நெனச்சேன்." குரல் தணிந்தது. "அவன் ஊருக்குப் போன அன்னிக்குத் தொட்டி பக்கத்துல உக்காந்து அழுதியே. மீனுக்கு ஏதோ நோவு போலன்னு..."

"நான் மீனுக்காக அழலை அத்தை" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அற்புதம்மாள் மருமகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அடிப் பைத்தியமே, அவன் மட்டும் மீனுக்காகவா ட்ரங்க் கால் போடுறான்? அவங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து வெளியூர் வேலைக்குப் போவாரு. திரும்பி வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, கோழி நல்லா இருக்கான்னுதான் கேப்பாரு. எங்க மாமியார் முன்னால வேற எப்படிக் கேக்கிறது? நானும் ரொம்ப நாள் அந்தக் கோழி மேல பொறாமைப்பட்டிருக்கேன்."

இரண்டு பேரும் சேர்ந்து படலத்தை எடுத்தார்கள், பாதித் தண்ணீரை மாற்றினார்கள். அன்று மாலை அற்புதம்மாள் மருமகளை உட்கார வைத்து, தலையில் நன்றாக எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டாள். மீன்கள் அடியிலே நிதானமாகத் திரிந்தன. மறுநாள் ஆடை படியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்கு மறுபடியும் போன் வந்தது.

"மீனுங்க எப்படி இருக்கு?"

ராணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணு நல்லா இருக்குங்க. இன்னொண்ணுதான் சரியாச் சாப்பிடறதில்லை. வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது."

 

"அதுகிட்டச் சொல்லு" என்றான் கிளமென்ட். "சனிக்கிழமை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏறிடறேன்னு சொல்லு. அதுவரைக்கும் ஒழுங்காச் சாப்பிடச் சொல்லு."

"சொல்றேங்க."

ரிசீவரை வைத்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. பாய் வீட்டம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தண்ணிக்குள்ள இருக்கிற மீன் எப்படிம்மா வாசலைப் பாக்கும்?"

"அது சம்மனசு மீனுங்க" என்றாள் அற்புதம்மாள், மருமகளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றபடி. "எல்லாம் பாக்கும்."